சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறார்களா?

"வீடற்றவர்களுக்கு உள்ளாட்சி நிதியில் இலவச வீடு, குடிகாரர்களிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் கைகழுவுகிறார்கள், வரிப்பணம் பாழ்" என்றொரு செய்தி பரவுகிறது. குடியை விட்டாக வேண்டும் என்ற நிபந்தனையின்றி முதலில் வீடு தரும் 'முதலில் வீடு' (Housing First) திட்டத்தைப் பற்றியது இது. ஆனால் இந்தச் செய்தி தவறு.

முதலில், இலவசம் என்பதே பொய். கனடாவில் 2009 முதல் 2013 வரை வான்கூவர், வினிப்பெக், டொராண்டோ, மாண்ட்ரியல், மாங்க்டன் ஆகிய 5 நகரங்களில், 2,000-க்கும் அதிகமான வீடற்றவர்களிடம் இத்திட்டம் பற்றிப் பெரும் ஆய்வு நடந்தது. வீடு பெற்றவர்கள் தங்கள் வருமானத்தில் சுமார் 30 சதவீதத்தை வாடகைக்குக் கொடுத்தார்கள், மீதிக்குத்தான் மானியம். வாரம் ஒருமுறை பணியாளரைச் சந்திப்பதும் நிபந்தனை. மருந்து தீர்ந்ததா, வீட்டு உரிமையாளருடன் தகராறா, அடுப்பு வேலை செய்கிறதா என்று நேரில் வந்து கேட்கிறார்கள். இதற்கா கைகழுவுதல் என்று பெயர்? அந்தப் பணியாளரின் சம்பளத்துக்கும் சேர்த்துத்தான் நிதி தேவைப்படுகிறது. அதை வெட்டினால் திட்டமே நொண்டும்.

குடியை விட்ட பிறகே வீடு தர வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கேள்வி: நடைபாதையில் படுப்பவர் சிகிச்சைக்கு எந்த முகவரியைக் கொடுப்பார்? பின்லாந்து 2008-இல் இந்த வரிசையையே மாற்றியது. வீடற்றவர்கள் இரவில் தங்கும் காப்பகங்களை வாடகை ஒப்பந்தம் கொண்ட குடியிருப்புகளாக்கியது. நீண்டகால வீடின்மை அங்கே வெகுவாகக் குறைந்தது.

செலவு விஷயத்தில் மிகைப்படுத்த வேண்டாம். எல்லோர் விஷயத்திலும் போட்ட பணம் முழுவதும் திரும்புவதில்லை. ஆனால் மருத்துவமனை, காவல், சிறை என அதிகம் செலவான 10 சதவீதத்தினருக்கு, கனடாவில் திட்டத்துக்குச் செலவிட்ட ஒவ்வொரு 10 டாலருக்கும் 21.72 டாலர் மிச்சமானது.