இடுப்புக்குத் திரும்பும் கை

மூன்று நாட்களாகப் பலரும் பகிரும் அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். கராத்தேயில் எதிராளி இல்லாமல் தனியே செய்யும் வரிசையான அசைவுகளுக்குக் கட்டா என்று பெயர். அவற்றில் ஒன்றான ஹெயான் ஷோதானைச் செய்யும் மஞ்சள் பெல்ட் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்து, சிரிப்பொலி சேர்த்து, 'காற்றோடு சண்டை' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். சிரித்தவர்களில் என்னோடு பயிற்சி செய்தவர்களும் உண்டு என்பதுதான் வலிக்கிறது.

கட்டா காற்றோடு போடும் சண்டை அன்று. ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்கு வருகிறதே, அது எதிராளியின் கையைப் பற்றி இழுத்துக்கொண்டு வரும் கை. எதிராளியை நீக்கிவிட்டுப் பார்ப்பவருக்கு அது வெறும் அசைவாகத்தான் தெரியும்.

எனக்கே இது ஐந்து ஆண்டுகள் விளங்கவில்லை. அதே கட்டாவில், வலப்பக்கம் திரும்பிக் கீழ்த்தடுப்புச் செய்ததும், முன்காலைப் பின்னிழுத்து, கையை வட்டமாகச் சுழற்றி, முஷ்டியின் சுண்டுவிரல் பக்கத்தால் மேலிருந்து அடிக்க வேண்டும். அதை அழகுக்கான அசைவு என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் மாஸ்டர் அந்த இடத்தில் என் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்து, "நிறுத்தாமல் செய்" என்றார். தோள்பலத்தால் இழுத்தேன், அசையவில்லை. காலையும் இடுப்பையும் சேர்த்துப் பின்வாங்கியபோது, அவருடைய கட்டைவிரல் பக்கமாகக் கை விடுபட்டு, சுழன்று வந்த முஷ்டி அவர் காறை எலும்புக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

கட்டா மட்டும் தெரிந்தால் தெருச்சண்டையில் பிழைக்க முடியுமா என்பீர்கள். முடியாது, அப்படி நான் சொல்லவும் இல்லை. எதிராளியோடு மோதிப் பழகும் குமிதேயும் வேண்டும், இணையோடு செய்யும் பயிற்சியும் வேண்டும். ஆனால் சண்டைக்கே பெயர்போன கராத்தே வீரர் மோதோபு சோகி, நைஹன்சி கட்டாவைத்தான் தம் பயிற்சிக்கு அடித்தளமாகக் கொண்டார். 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ சென்று கராத்தேயைப் பரப்பிய ஃபுனாகோஷி, தெக்கி என்று இன்று அழைக்கப்படும் அதே வரிசையின் மூன்று கட்டாக்களுக்குப் பத்து ஆண்டுகள் செலவிட்டார். இவர்களா சண்டை தெரியாதவர்கள்?

போட்டிகளில் புள்ளிகளுக்காகக் கட்டாவை அலங்காரமாக்கிவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கும் அது பிடிக்கவில்லை. அதற்குக் கட்டா என்ன செய்யும்?

முழங்கால் அறுவைக்குப் பிறகு என்னோடு குமிதே செய்ய ஒருவரும் முன்வராத மாதங்களில், பூட்டிய அறைக்குள் சான்சின் கட்டாவின் மூன்று அடிகளும் மூச்சும்தான் எனக்குத் துணை. அதைக் கேலி செய்தால் எனக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

காணொளியை இன்னொரு முறை பாருங்கள். கை சுழலும் அந்த இடத்தில் அச்சிறுமி முன்காலைச் சரியாகப் பின்வாங்குகிறாள். அவள் முகம் தெரியும் அந்தப் பதிவைத் தயவுசெய்து நீக்கிவிடுங்கள்.