ஷார்க்ஸ் அணி தேனிக்குப் போயிருக்கக் கூடாது

விளையாட்டு காமெடிக்கு இரண்டாம் பாகம் எழுத உட்காருகிறவருக்கு முதல் பக்கத்திலேயே ஒரு தலைவலி காத்திருக்கிறது. முதல் பாகம் முடியும்போது அணி ஜெயித்துவிட்டது. ஜெயித்தவனைப் பார்த்து எவனும் சிரிக்க மாட்டான். போலீஸ் படம் என்றால் புதிதாக ஒரு வில்லனை இறக்கலாம். பேய்ப் படம் என்றால் வேறொரு பங்களா பிடிக்கலாம். இங்கே நாயகர்களை மறுபடி தோற்கிறவர்களாக்கினால்தான் கதையே ஆரம்பிக்கும், அதுவும் பார்க்கிறவர் நம்புகிற மாதிரி. பல இரண்டாம் பாகங்கள் சறுக்குவது இந்த இடத்தில்தான். நாம் ஜோக்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

‘சென்னை 600028’ஐயே எடுத்துக்கொள்வோம். வெளியானது 2007 ஏப்ரல் 27. மறுநாள் பார்படாஸில் உலகக் கோப்பை இறுதி ஆட்டம், ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும். வங்கதேசத்திடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு இந்தியா மூட்டை கட்டி ஒரு மாதம் ஆகியிருந்தது. நீலச் சட்டைக்காரர்கள் மேல் ஊரே கடுப்பில் இருந்த நேரத்தில், படத்தின் ‘ஷார்க்ஸ்’ அணியான விசாலாட்சித் தோட்டத்துப் பையன்கள் டென்னிஸ் பந்தோடு வந்து நின்றார்கள். அவர்களுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று: எதிரணியான ராயபுரம் ராக்கர்ஸை ஒரு தடவையாவது அடிக்க வேண்டும். அந்த ராயபுரத்திலிருந்தே ரகு குடிமாறி இந்தத் தெருவுக்கு வருகிறான். நேற்றுவரை யாரை எதிரி என்றானோ அவர்களோடு சேர்ந்து ஆட வேண்டிய நிலை. நட்பு, ரோஷம், கார்த்திக்குக்கும் பழனிக்கும் நடுவில் வரும் தங்கச்சி விவகாரம் எல்லாமே அந்தத் தெருவின் அளவுக்குள் அடங்கிவிடும். பணம் கட்டி ஆடும் பெட் மேட்ச்சில் பொடியன்களிடம் தோற்றுவிட்டு மூஞ்சியைத் தொங்கப்போடும் காட்சிக்குத் தியேட்டரே குலுங்கியது ஏன்? அங்கே போனது மானம் மட்டும்தான்.

இயக்குநர் வெங்கட் பிரபு அதில் சரியாகப் பிடித்த இன்னொரு சங்கதி, தெரு கிரிக்கெட்டே பாதி காமெடி என்பது. அம்பயர் பேட்டிங் டீம் ஆள். எல்பிடபிள்யூ அவுட் கிடையாது. ட்ரயல் பால் என்று சொல்லித்தான் போட்டானா இல்லையா என்று அரை மணி நேரம் பஞ்சாயத்து. பவுலர் பந்தைப் போடாமல் எறிகிறான், மாங்கா அடிக்கிறான் என்று ஒருவன் கத்துவான், ஓசி காஜி, அதாவது இலவசமாக ஒரு பேட்டிங், கேட்டு இன்னொருவன் நிற்பான். டென்னிஸ் பந்துக்கு எடை குறைவு. கொஞ்சம் டைமிங் தப்பினாலும் நேரே மேலே எழும்பிவிடும், கீழே மூன்று பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். இதைப் படம் பிடிக்கத் தனியாக ஜோக் எழுத வேண்டியதில்லை, ஆட்டத்தை ஒழுங்காகக் காட்டினாலே போதும்.

ஒழுங்காகக் காட்டுவதற்கு ஒரு கணக்கும் இருக்கிறது. 20 ஓவர் ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சேர்த்து 240 பந்து. பவுலர் முகம், ஓட்டம், அடி, ஃபீல்டர், அதைப் பார்ப்பவர் முகம் என்று ஒரு பந்துக்கு 20 விநாடி வைத்தாலே 80 நிமிடம் ஆகிவிடும். கிளைமாக்ஸுக்குக் கிடைப்பது 12 நிமிடம் என்றால் 36 பந்துதான் மிஞ்சும். மற்றதைப் பாட்டிலும் ஸ்கோர் போர்டிலும் கரைக்க வேண்டும். ஆக, காட்டுகிற ஒவ்வொரு பந்திலும் யாராவது ஒருவருடைய கதை நகர வேண்டும். பேட் ஒரு ஃபிரேமிலும் பந்து இன்னொரு ஃபிரேமிலும் இருந்தால் அங்கேயே நம்பிக்கை போச்சு. பேட் பிடிக்கத் தெரியாத நடிகரை ஸ்லோ மோஷனில் ஒளித்து வைப்பதையும் தெருவில் ஆடிய யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

படத்தின் இரண்டாம் பாகமான ‘செகண்ட் இன்னிங்ஸ்’ 2016 டிசம்பர் 9 வந்தது. பெரிய நோட்டுகள் செல்லாமல் போய் ஒரு மாதம், ஜெயலலிதா மறைந்து 4 நாள். அந்த வார வசூலை வைத்து இந்தப் படத்தை எடைபோடுவது அநியாயம், அதை விட்டுவிடலாம்.

படத்தின் தொடக்கம் அசல். ஒன்பது வருடத்தில் தொப்பை வந்திருக்கிறது, கல்யாணம் ஆகியிருக்கிறது, மேட்ச்சுக்குப் போக வீட்டில் அனுமதி வாங்க வேண்டியிருக்கிறது. கார்த்திக் யூடியூபில் பட விமர்சனம் செய்கிறான். தோற்கிறவர்களைத் திரும்ப உருவாக்க இதைவிட நேர்மையான வழி கிடையாது. யாரும் அவர்களைக் கீழே தள்ளவில்லை, வயதுதான் இறக்கிவிட்டது. அதே நடிகர்கள் நிஜமாகவே ஒன்பது வயது கூடி வந்து நிற்பது எந்த மேக்கப்பாலும் கிடைக்காத வசதி. அங்கேயே நின்றிருந்தால் தமிழில் இதற்கு இணையாக ஒன்று சொல்ல முடியாமல் போயிருக்கும்.

ஆனால் கதை ரகுவின் கல்யாணத்துக்காகத் தேனிக்கு வண்டியேறுகிறது. 600028 என்ற சென்னை பின்கோடுக்கே அங்கே வேலையில்லை. புது எதிரணிக்கும் இவர்களுக்கும் ராக்கர்ஸோடு இருந்த மாதிரி பழைய பகை கிடையாது. பகையை உடனடியாகத் தயாரிக்க வேண்டியிருப்பதால் ஒரு டான்ஸ், ஒரு புகைப்படம், ஒரு மிரட்டல் என்று அடுக்குகிறார்கள். இப்போது பணயம் ஒரு பெண்ணின் கல்யாணம். அது நின்று போகிற நிலையில் மிஸ் ஃபீல்டிங்குக்கு எப்படிச் சிரிப்பது? கிரிக்கெட்டுக்காக வாழ்க்கை கோணலாவது முதல் பாகத்தின் சிரிப்பு. இதில் கோணலான வாழ்க்கையை நிமிர்த்தக் கிரிக்கெட்டைக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொரு கோளாறுக்கு இயக்குநர் பொறுப்பல்ல, முதல் படத்தின் வெற்றிதான் பொறுப்பு. 2007இல் பெரும்பாலும் முகம் பதியாத பையன்கள், யார் வேண்டுமானாலும் டக் அவுட் ஆகலாம். 2016க்குள் ஜெய் ‘சுப்ரமணியபுரம்’, ‘எங்கேயும் எப்போதும்’ எல்லாம் நடித்துவிட்டார், சிவா ‘தமிழ்ப் படம்’ முடித்துவிட்டார். ஆளுக்கொரு கைதட்டல் தர வேண்டும். கையில் இருப்பது அதே 36 பந்து. பிரேம்ஜியின் ‘என்ன கொடுமை சார் இது’வும் அப்படித்தான். முதல் தடவை அது இக்கட்டிலிருந்து தானாக வாயில் வந்து விழுந்தது. இரண்டாம் தடவை அது எப்போது வரும் என்று நாமே காத்திருக்கிறோம்.

அமெரிக்காவில் இதே பள்ளத்தில் விழுந்த பழைய படம் ஒன்று உண்டு. ‘மேஜர் லீக்’, 1989, பேஸ்பால். அதில் ஆளுக்கொரு துல்லியமான குறை வைத்திருப்பார்கள். வேகமாகப் பந்தெறிகிற ‘வான்’ என்பவனுக்குக் குறி தப்புகிறது, காரணம் கண்பார்வை. கண்ணாடி மாட்டியதும் சரியாகிறது. செரானோவுக்கு வளைந்து வரும் பந்தை அடிக்க வராது. ஹேஸுக்கு மின்னல் ஓட்டம், ஆனால் பந்தைத் தூக்கி அடித்துக் கேட்ச் கொடுப்பான். தூக்கியடிக்கிற ஒவ்வொரு தடவையும் 20 தண்டால். கீப்பர் மாதிரி பின்னால் உட்காரும் கேட்சர் ஜேக்குக்கு முட்டி போச்சு. கடைசி ஆட்டத்தில் செரானோ அந்த வளைந்த பந்தையே வெளியே அனுப்புகிறான். ஜேக் பெரிய அடிக்குக் கை காட்டிவிட்டு மெல்லத் தட்டிவிட்டு அந்த முட்டியோடு ஓடுகிறான், அந்த இடைவெளியில் ஹேஸ் இரண்டாம் பேஸிலிருந்து ஓடி ‘ஹோம்’ வந்து ரன் எடுக்கிறான். எல்லாக் கடனும் அங்கே அடைபடுகிறது.

1994இன் இரண்டாம் பாகத்தில் வான் பணமும் பேரும் வந்து மெத்தனமாகிவிட்டான், செரானோ பௌத்தத்துக்குப் போய்ச் சாந்தமாகிவிட்டான், ஹேஸுக்கு நடிகரே மாறிவிட்டார். ஆட்டத்துக்குள் இருந்த குறை போய் குணத்தில் ஒரு கிறுக்கு ஒட்டிக்கொண்டது. முட்டி வலியை மைதானத்தில் காட்டலாம், சாந்தத்தை வசனத்தில்தான் சொல்ல முடியும்.

2025 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ஹேப்பி கில்மோர் 2’ வேறு குறுக்குவழி பிடித்தது. 1996 படத்தில் பாட்டி வீட்டை மீட்க 2,70,000 டாலர் வேண்டும், அதற்காக ஹாக்கிக்காரன் கோல்ஃப் ஆடப் போகிறான். இதில் மகளின் பாலே படிப்புக்காக. நாயகனைக் கீழே இறக்க அவன் அடித்த பந்தாலேயே மனைவியைச் சாகடித்து, அவனைக் குடியில் தள்ளுகிறார்கள். காமெடி தொடங்குவதற்குள் இவ்வளவு துக்கம் எதற்கு? அதற்குப் பிறகு நிஜ கோல்ஃப் வீரர்கள் வரிசையாக வந்து தலைகாட்டிவிட்டுப் போகிறார்கள். உருப்படியான ஒன்று, பழைய வில்லன் ஷூட்டரை இந்தத் தடவை நாயகன் பக்கத்திலேயே நிறுத்தியது. 29 வருடப் பகை ஒரு முனகலோடு கூட்டாளியாவதில் எந்தப் புது வில்லனாலும் தர முடியாத சிரிப்பு இருக்கிறது.

முதல் பாகத்துக்கு ஈடாக முடியுமா என்றால், ஆச்சரியத்தில் முடியவே முடியாது. சிரிப்பில் முடியும், பணயத்தைக் குறைக்கிற தைரியம் இருந்தால். வயது கூடிய ஒரு தெரு அணியை நினைத்துப் பாருங்கள்: வாட்ஸப் குழுவில் 15 பேர் வருகிறேன் என்பார்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் 8 பேர் நிற்பார்கள். பவுண்டரியிலிருந்து எறிகிற பந்து கீப்பரிடம் இரண்டு பிட்ச் குத்தி வரும். இரண்டு ரன் இருந்த இடத்தில் ஒன்று ஓடிவிட்டு இடுப்பில் கை வைத்து நிற்பார்கள். சாயங்கால வெளிச்சத்தில் உயரே போன பந்து கண்ணுக்கே தெரியாது. இரண்டு மணி நேரப் படத்துக்கு இதுவே தாராளம்.

எதிரணிக்கும் தேனிவரை போக வேண்டாம். 2007இல் ஷார்க்ஸைப் பெட் மேட்ச்சில் மண்ணைக் கவ்வ வைத்த அந்தப் பொடியன்களுக்கு 2016இல் இருபதைத் தாண்டியிருக்கும். மீசை முளைத்து, தோள் வலுத்து, வேகப்பந்து போடுகிற வயது. அதே கிரவுண்டுக்கு அவர்களைக் கூப்பிட்டு, ‘அண்ணே, பெட்டு எவ்ளோ?’ என்று கேட்க வைத்திருந்தால் போதும்.