வியர்வையோடு போவதில்லை

முகத்தில் பூசும் வைட்டமின் சி சீரம் (வைட்டமின் சி கரைசல்) வியர்வையில் கரைந்துவிடும் என்பதால் கோடையில் அதை நாளுக்கு மூன்று முறை பூச வேண்டும் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறியிருப்பது சரியன்று. தோலின் மேற்பரப்பில் தங்கியிருப்பது வேண்டுமானால் கழுவப்படலாம். மேற்படலத்தைக் கடந்து உள்ளே சேர்ந்துவிட்ட அஸ்கார்பிக் அமிலத்தை (வைட்டமின் சியின் வேதிப்பெயர்) வியர்வையோ சோப்போ வெளியே எடுத்துவிடாது. பன்றித் தோலில் (அது மனிதத் தோலைப் பெரிதும் ஒத்தது) நடத்தப்பட்டு 2001இல் வெளியான ஆய்வில், 15 விழுக்காட்டுக் கரைசலை நாள்தோறும் பூசியபோது 3 நாள்களில் தோல் நிறைவுநிலையை, அதாவது அதற்கு மேல் ஏற்காத நிலையை, எட்டியது. பூசுவதை நிறுத்திய பின், சேர்ந்த அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 4 நாள்கள் ஆயின. கரைசலின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 3.5க்குக் கீழே இருந்தால்தான் அது நன்கு உட்புகும் என்பதையும், செறிவை 20 விழுக்காட்டுக்கு மேல் கூட்டுவதால் உறிஞ்சப்படும் அளவு கூடுவதில்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

அந்தக் கட்டுரை தொடாமல் விட்டது சீரம் கெட்டுப்போதலைத்தான். எங்கள் தண்டையார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் கண்ணாடி அலமாரியில், மாலை வெயில் நேராக விழும் தட்டில், இத்தகைய சீரம் கடுந்தேநீர் நிறத்தில் விற்பனைக்கு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆக்சிஜனேற்றத்தால் அப்படிப் பழுப்பேறிய கரைசலை எத்தனை முறை பூசினாலும் பயனில்லை. வெயிலில் நிற்பவர்கள் இடையிடையே மீண்டும் பூச வேண்டியது சன்ஸ்கிரீனை. வியர்வையில் வழிந்து போவது அதுதான்.