ஆடிக்கொண்டிருக்கும்போது ஊசியைத் தூக்காதீர்கள்

சனிக்கிழமை இரவு நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. நார்தர்ன் சோல் இரவில், அதாவது அறுபதுகளின் அமெரிக்க சோல் பாட்டுகளை இசைத்தட்டில் போட்டு ஆடும் இரவில், ஒரு இளம் பெண் டிஜே போட்ட பாட்டை ஒரு சேகரிப்பாளர் பாதியில் நிறுத்திய அந்த வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். நான் அதே அரங்கில்தான் நின்றிருந்தேன் என்பது தெரியாமல் நாலு பேர் எனக்கே அனுப்பிவைத்தீர்கள். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். நேற்று ஒருவர் "அவர் செய்தது சரி, விதி என்றால் விதிதான்" என்று எழுத, அதற்கு இத்தனை பேர் தலையாட்டியதைப் பார்த்த பிறகு முடியவில்லை.

நான் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஜனங்கள் ஆடிக்கொண்டிருக்கும்போது ஓடுகிற தட்டிலிருந்து ஊசியைத் தூக்கக் கூடாது. அந்தக் காலத்திலேயே அச்சடித்த அசலோ, பின்னால் அச்சடித்த மறுபதிப்போ, ஐந்து பவுண்டோ ஐயாயிரம் பவுண்டோ, தூக்கக் கூடாது.

வீடியோவில் வராததை மட்டும் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. பாட்டுப் போட அரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள். முதலில் போட்ட நான்கும் அசல் தட்டுகள். அவள் சம்பளத்தில் அதை எப்படி வாங்கினாள் என்று எனக்குத் தெரியும், மாதக்கணக்கில் மதியச் சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போய் வாங்கினாள். ஐந்தாவதாகப் போட்டது ஒரு சிகாகோ பாட்டின் மறுபதிப்பு. உரிமை வாங்கி, முறையாக அச்சிட்டு, கடையில் பன்னிரண்டு பவுண்டுக்கு விற்கிற தட்டு. தரை நிறைந்துவிட்டது. அப்போதுதான் ஊரே மரியாதையாகப் பார்க்கும் அந்தச் சேகரிப்பாளர் மேடையேறிப் போய், ஒரு வார்த்தை பேசாமல் ஊசியைத் தூக்கினார். சுழன்றுகொண்டிருந்த ஒருவர் பாதியில் நின்றார். கால் வழுக்கித் திரும்பப் பவுடர் தூவிய மரத்தரையில் ஷூக்களின் தோல் அடிப்பாகங்கள் தேய்கிற சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. அந்த அமைதி எந்த போனிலும் பதிவாகாது.

சரி, விதிக்கு வருகிறேன். "அசல் வினைல் மட்டும்" என்று போஸ்டரிலேயே போட்டிருந்ததே என்கிறீர்கள். போட்டிருந்தது. அந்த விதியை நான் மதிக்கிறவன். நார்தர்ன் சோல் என்கிறோமே, அந்தப் பாட்டுகளில் பல, அறுபதுகளின் நடுவில் டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் சின்னச் சின்ன லேபிள்கள், அதாவது இசைத்தட்டு நிறுவனங்கள், கொஞ்சமாக அச்சடித்து, விற்காமல் மூலையில் போட்டவை. அமெரிக்கா மறந்துபோன பிறகு, இங்கே இங்கிலாந்தில் மான்செஸ்டரின் ட்விஸ்டட் வீல், ஸ்டோக்கின் கோல்டன் டார்ச் என்ற கிளப்களிலும், 1973 செப்டம்பரிலிருந்து விகன் கேசினோ என்ற நடன அரங்கிலும் தொழிலாளிகள் வீட்டுப் பிள்ளைகள் அதற்கு விடிய விடிய ஆடினார்கள். ஒரு டிஜே கையில் மட்டும் இருக்கிற ஒரு பாட்டுக்காகப் பல மைல் தாண்டி பஸ் ஏறி வந்தார்கள். போட்டி டிஜே கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தட்டின் நடுவில் இருக்கிற லேபிள் மேல் தாள் ஒட்டி, வேறொரு பாடகர் பெயரை எழுதி மறைப்பார்கள். அதைத்தான் கவர்-அப் என்கிறோம். அப்படியும் விஷயம் கசிந்து, ஒருவர் பழைய கிடங்கின் தூசியில் உட்கார்ந்து தேடி எடுத்ததை இன்னொருவர் பூட்லெக், அதாவது உரிமை வாங்காத திருட்டுப் பிரதி, அடித்து விற்றுவிடுவார். அந்தக் கோபம் வளர்த்த விதி இது. நியாயமான கோபம். ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அது டிஜேக்கும் நிகழ்ச்சி நடத்துகிறவருக்கும் இடையில் உள்ள பேச்சு. அதில் ஆடுகிறவனுக்கு என்ன சம்பந்தம்? அந்தப் பாட்டுகள் பெரும்பாலும் இரண்டரை, மூன்று நிமிடம்தான் ஓடும். முடியட்டும். அப்புறம் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். அடுத்த மாதம் அவளுக்கு நேரம் கொடுக்காதீர்கள். அதற்கெல்லாம் உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆடுகிறவன் காலுக்கு அடியிலிருந்து பாட்டை உருவ மட்டும் யாருக்கும் உரிமை இல்லை.

"மறுபதிப்புக்கு இடம் கொடுத்தால் எல்லாம் கெட்டுவிடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். அவருக்கு ஃபிராங்க் வில்சன் கதை தெரியாமல் இருக்காது. 1965இல் டெட்ராய்ட்டின் பெரிய இசை நிறுவனமான மோட்டவுனின் துணை லேபிளுக்காக அவர் பாடிய 'டூ ஐ லவ் யூ', சோதனைத் தட்டோடு நின்றுபோனது, வெளிவரவே இல்லை. தப்பிப் பிழைத்த பிரதிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 2009இல் ஒரு பிரதி 25,742 பவுண்டுக்குப் போனது. அந்தப் பாட்டை விகனில் ஜனங்கள் முதலில் எதில் கேட்டார்கள்? அசலிலிருந்து ஒற்றையாக வெட்டி எடுத்த அசிடேட் என்ற நகல் தட்டில். அதுவும் எடி ஃபாஸ்டர் என்ற பொய்ப் பெயரில். பிரிட்டனில் அது முறையாக வெளிவந்ததே 1979இல்தான். 1981 டிசம்பர் 6, கேசினோவின் கடைசி இரவு. விடிந்து, வழக்கமான கடைசி மூன்று பாட்டும் முடிந்த பிறகும் ஒருவரும் அசையவில்லை. அப்போது இன்னும் ஒன்று போட்டார்கள். அதே பாட்டு. இன்று இந்த உலகமே சாமி கும்பிடுகிற பாட்டு பிரதியாகத்தான் தரைக்கு வந்தது. அன்றைக்கு அந்த அசிடேட்டிலிருந்து யாரோ ஒருவர் ஊசியைத் தூக்கியிருந்தால்?

இதற்குப் பதில் சொல்லிவிட்டு விதி பேசுங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடலாம். "அசலை வாங்குவதுதான் கலைஞனுக்குச் செய்கிற மரியாதை" என்கிறார்கள். எண்ணூறு பவுண்ட் கொடுத்து ஒரு சேகரிப்பாளர் இன்னொரு சேகரிப்பாளரிடம் அசல் வாங்கினால், பாடியவருக்கு எவ்வளவு போகிறது? ஒரு பைசா போகாது. அது பழைய பொருள் கைமாறுவது, அவ்வளவுதான். கெண்ட் மாதிரி லேபிள்கள் 1982இலிருந்து உரிமை வாங்கித்தான் இந்தப் பாட்டுகளை வெளியிட்டு வருகின்றன. அந்தப் பெண் கொடுத்த பன்னிரண்டு பவுண்டில் ஒரு துளியாவது சரியான இடத்துக்குப் போக வழி இருக்கிறது. நானும் அசல் வாங்குகிறவன். என் வீட்டில் முந்நூறுக்குக் கொஞ்சம் மேல் இருக்கிறது. வாங்குவதில் எனக்கு வெட்கம் இல்லை. அதை மரியாதை என்று சொல்லாதீர்கள், ஆசை என்று சொல்லுங்கள்.

நான் முதலில் வேறு தட்டுகளைக் கொடுத்து மாற்றி வாங்கிய தட்டின் கதையை இங்கே ஒருமுறை எழுதியிருக்கிறேன். முழுதாக எழுதவில்லை. கிடங்கு வேலையில் இருந்தபோது ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஒரு பெரியவர்தான் என்னை இதற்குள் கூட்டிக்கொண்டு வந்தார். பதினேழு வயதில் கேசினோவுக்குப் போனவர். ரப்பர் அடிப்பாகம் போட்டு வராதே, கால் திரும்பாது, முட்டி போய்விடும் என்று முதல் நாளே சொன்னவர். டால்கம் பவுடரை எங்கே தூவ வேண்டும், எவ்வளவு தூவ வேண்டும் என்பதும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். இரண்டு மாதம் கழித்து ஒரு ரெக்கார்டு ஸ்டாலில் என்னிடம் இருந்த மூன்று நல்ல தட்டுகளைக் கொடுத்து ஒன்றை வாங்கினேன். வானொலிக்காரர்களுக்கு முன்கூட்டியே அனுப்புகிற வெள்ளை லேபிள் டெமோ, நடுவில் பெரிய ஓட்டை, பார்க்க அப்படியே அமெரிக்கச் சரக்கு. அவர் வீட்டுக்கு ஓடினேன். சமையலறை ஜன்னல் பக்கம் போய்த் தட்டைச் சாய்த்து, லேபிளுக்கும் ஊசி ஓடுகிற கடைசிக் கோட்டுக்கும் நடுவில் இருக்கிற வெற்று வளையத்தைக் காட்டினார். அந்தப் பாட்டின் அசலில் எண் முத்திரையாகக் குத்தியிருக்குமாம். என் தட்டில் கையால் கீறியிருந்தது. பூட்லெக்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூன்று தட்டு போன வருத்தத்தைவிட, ஏமாளியாகத் தெரிகிறோமே என்ற அவமானம். அவர் ஒன்றும் சொல்லாமல் பிளேயரில் அதைப் போட்டார். நாற்காலிகளை ஒதுக்கினார். அந்தச் சின்னச் சமையலறையில், திருட்டுத் தட்டு என்று தெரிந்தே, பாட்டு முடியும்வரை ஆடினார். முடிந்த பிறகுதான், "இதைக் கிளப்புக்குக் கொண்டுபோகாதே, யாருக்கும் விற்காதே" என்றார். முடிந்த பிறகு சொன்னார். எனக்குத் தெரிந்த விதி அதுதான்.

நம் தமிழ் ஆட்களில் சிலர் வேறு மாதிரி கேட்கிறீர்கள். "அண்ணே, இது வெள்ளைக்காரன் வீட்டுச் சண்டை, நமக்கு எதற்கு?" அன்போடு கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனாலும் வலிக்கிறது. இது யார் வீட்டுப் பாட்டு? பாடியவர்கள் பெரும்பாலும் அமெரிக்கக் கறுப்பர்கள். பலருக்கு அங்கே பேரும் கிடைக்கவில்லை, காசும் கிடைக்கவில்லை. 'டெயின்டட் லவ்' என்றால் உலகத்துக்கு 1981இல் வந்த சாஃப்ட் செல் பாட்டுதான் தெரியும். பதினாறு வருடம் முன்னால் ஒரு தட்டின் பின்பக்கமாக அதைப் பாடிய குளோரியா ஜோன்ஸை, எடுபடாமல் போன அந்தத் தட்டை, மறக்காமல் வைத்திருந்தது இந்தத் தரைகள்தான். 'நார்தர்ன் சோல்' என்ற பெயரைக் கொடுத்த டேவ் காடினே லண்டனில் கடை வைத்திருந்தவர். வடக்கிலிருந்து கால்பந்து பார்க்க வந்த பையன்கள் புதுச் சரக்கை விட்டுவிட்டுப் பழைய வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்து வைத்த பெயர். ஆக, பாடியவர் ஒரு ஊர், பெயர் வைத்தவர் ஒரு ஊர், ஆடியவர் ஒரு ஊர். இதில் நான் மட்டும் எப்படி வெளி ஆள் ஆனேன்?

இதை எழுத வேண்டாம் என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். எட்டு வருடம் முன்னால் வேறொரு ஊரில் ஒரு ஆல்நைட்டர், விடிய விடிய நடக்கிற ஆட்டம். ரெக்கார்டு ஸ்டாலில் ஒரு பெட்டியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஓகே (OKeh) என்ற அமெரிக்க நிறுவனத்தின் ஊதா லேபிள் தட்டு ஒன்றைப் பாதி உருவியிருப்பேன். விற்கிறவர் பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இதெல்லாம் என்னவென்று உனக்குத் தெரியுமா?" என்றார். கத்தவில்லை, திட்டவில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். லேபிள் எண்ணைச் சொன்னேன், மறுபக்கப் பாட்டையும் சொன்னேன். பெட்டி திரும்பி வரவில்லை. பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள். எல்லோரும் தங்கள் தங்கள் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சனிக்கிழமை அந்தக் கை ஊசியைத் தூக்கியபோது எனக்கு இந்தக் கைதான் தெரிந்தது. அவள் போட்டது மறுபதிப்பு என்பதற்காக மட்டும் அவர் தூக்கினார் என்று நான் நம்பவில்லை. போன வருடம் அதே மேடையில் அவருடைய நண்பர் ஒருவர் மறுபதிப்பு போட்டார், எல்லோருக்கும் தெரியும், யாரும் எழுந்திருக்கவில்லை. நாற்பது வருடம் அலைந்து, பல்லாயிரம் செலவழித்துச் சேர்த்த பெட்டியோடு தான் உட்கார்ந்திருக்க, நேற்று வந்த ஒரு பெண் பன்னிரண்டு பவுண்டில் அதே தரையை நிரப்பிவிட்டாளே என்பதுதான் தாங்கவில்லை. அந்த வலி எனக்குப் புரியாமல் இல்லை. அவர் அளவுக்கு யாரும் தேடியதில்லை, அதுவும் உண்மை. ஆனால் தரை நிரம்பியதற்கு அவர் சந்தோஷப்பட்டிருக்க வேண்டாமா? முடி நரைத்தவர்கள் மட்டும் ஆடினால் இன்னும் எத்தனை வருடம் இந்தக் கதவு திறந்திருக்கும்?

"வயதானவரை இப்படிப் பொதுவில் பேசலாமா" என்று ஒரு கேள்வி வரும். அவர் பெயரை நான் எழுதவில்லை. அவள் முகம்தான் எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு மதியம் என் பெரியவர் போன் செய்தார். முட்டி அறுவைக்குப் பிறகு அவர் இரவு நிகழ்ச்சிகளுக்கு வருவதில்லை. முழுக் கதையையும் கேட்டார். கோபப்படவில்லை. "அவர் மேடை ஏறும்போது நீ எங்கே நின்றுகொண்டிருந்தாய்?" என்று மட்டும் கேட்டார்.

மேடைக்கு இடது பக்கம், தூண் ஓரத்தில். ஆறடி இருக்கும். அவர் ஏறுவதைப் பார்த்தேன். எதற்கு ஏறுகிறார் என்பதும் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் கையில் குளிர்பானம் இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டாள், பதில் வரவில்லை. அடுத்த மாத நிகழ்ச்சியில் எனக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அதில் பாதி அவளுக்கு என்று நடத்துகிறவரிடம் சொல்லிவிட்டேன். என்ன தட்டு கொண்டுவருவாள் என்று அவர் கேட்டார். அவளுக்கு எது பிடிக்கிறதோ அது என்று சொன்னேன். இன்னும் அவர் சரி சொல்லவில்லை.