பிப்ரவரி வந்தால் மூடப்படும் வேதாகமம்

டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனைக்கு ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் தாமதமாகப் போனால் தெருவில்தான் நிற்க வேண்டும். நிற்பதில் எனக்குக் குறையில்லை. புத்தாண்டுக்கென்று ஒரு ஆசீர்வாத வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டையை வாங்கிக்கொண்டு, இந்த ஆண்டு வேதத்தை முழுவதும் வாசித்துவிடுவேன் என்று தீர்மானித்து வீட்டுக்கு வருகிறோமே, அந்தத் தீர்மானத்தின் ஆயுளைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

நாளுக்கு மூன்று அதிகாரம் என்று வைத்துக்கொள்வோம். வேதத்தின் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 50 அதிகாரம், அடுத்த யாத்திராகமத்தில் 40. முப்பது நாளில் இரண்டும் முடிந்துவிடும். ஜனவரி 31 அன்று மூன்றாவது புத்தகமான லேவியராகமம் தொடங்கும். பலி, கொழுப்பு, குஷ்டம், எந்தப் பிராணியைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது. பெரும்பாலோர் அங்கேயே வேதத்தை மூடிவைத்துவிடுகிறார்கள்.

இன்னும் ஒரு வாரம் பொறுத்திருந்தால் 19-ஆம் அதிகாரம் வந்திருக்கும். கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக்கூடாது என்கிறது அது. அளவிலும் நிறையிலும் அநியாயம் செய்யாதே, சரியான தராசு வைத்துக்கொள் என்கிறது. காசிமேட்டில் மீன் நிறுப்பவருக்கும், தண்டையார்பேட்டையில் பட்டறை வைத்திருப்பவருக்கும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் "அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்கிறவருக்கும் இதைவிட நேரடியான பேச்சு வேறென்ன வேண்டும்? ஆசீர்வாத வசனம் சுவரில் தொங்குகிறது. கூலி வசனத்தை அட்டையில் அச்சடித்து எந்தச் சபையும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

தினமும் வரிசையாக வாசி என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். நாமே பொறுக்கி எடுத்தால் நமக்குப் பிடித்ததைத்தான் எடுப்போம். வரிசையாகப் போனால், நாம் தவிர்க்க நினைப்பதும் ஒருநாள் எதிரே வந்து நிற்கும்.

"நாம் கிருபையின் காலத்தில் இருக்கிறோம், சட்டத்தின் கீழ் அல்ல; இந்தக் கட்டுப்பாடெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களைத் தானியேல் 6-ஆம் அதிகாரத்துக்கு அனுப்புகிறேன். ராஜாவைத் தவிர வேறு யாரிடமும் முப்பது நாள் விண்ணப்பம் செய்யக்கூடாது, மீறினால் சிங்கக் கெபியில், அதாவது சிங்கங்களின் குகையில், போடப்படுவாய் என்று கட்டளை. தானியேல் வீட்டுக்குப் போய், முன்பு செய்துவந்தபடியே மூன்று வேளையும் முழங்கால்படியிட்டார். உணர்ச்சி பொங்கி அன்றைக்கென்று எடுத்த முடிவல்ல அது. முழங்காலுக்கு வழி ஏற்கெனவே தெரிந்திருந்தது.

கத்தோலிக்க நண்பர்களுக்குக் காலை, நண்பகல், மாலை என்று மூவேளைச் செபம் இருக்கிறது. அதைச் சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) பக்கத்தில் உண்டு. எனக்கு அதன்மேல் கொஞ்சம் பொறாமைதான். மாதம் ஒரு முழு இரவு ஜெபத்தில் தொண்டை கட்டக் கதறிவிட்டு, மற்ற நாட்களில் படுக்கையை விட்டு எழுந்ததும் செல்போனைத் தேடுகிறோம். இதில் எது வெறும் சடங்கு?

மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களிடம் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து ஜெபி என்று உபதேசிப்பது மட்டும் எனக்குப் பிடிக்காது. இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு அது தூங்கப்போகும் நேரம். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் ஒரு அதிகாரம் வாசிக்கட்டும். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரங்கள். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் 52 வாரத்தில் முடிந்துவிடும். வார விடுமுறையில் தாராளமாகத் தூங்கலாம். லேவியராகமம் 19-ஐ மட்டும் நடுவில் ஒருநாள் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். 37 வசனங்கள்தான், சம்பள நாளுக்கு முந்தின நாளாக இருந்தால் நல்லது.