சிப்ஸ் பாக்கெட்ல போட்ட 75 கிராம்

பாக்கெட் பின்னாடி கலோரி, உப்பு, கொழுப்பு எல்லாம் போட்டிருக்கும்ல, இங்கிலாந்துல 2007ல வாக்கர்ஸ் சிப்ஸ்காரங்க கூடவே இன்னொரு நம்பரும் போட்டாங்க. 75 கிராம் கார்பன், அதாவது அந்த ஒரு பாக்கெட்டால காத்துல கலக்கற, பூமியைச் சூடேத்தற வாயுவோட அளவு. பாக்கெட்டுல இருக்கற சிப்ஸே 35 கிராம் தேறாது, அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல கார்பன். கார்பன் டிரஸ்ட்ங்கற அமைப்போட சேந்து கிழங்கு வயல்லேர்ந்து குப்பைத்தொட்டி வரைக்கும் போட்ட கணக்கு அது.

எனக்கு அந்த நம்பரை விட, கணக்கு போடப் போன இடத்துல மாட்டுன விஷயம்தான் பெருசா படுது. விவசாயிக்கு கிழங்கு எடை பாத்துதான் காசு, காய்ஞ்சா எடை குறையும்னு குடோன்ல ஈரத்தை ஏத்தி வச்சிருக்காங்க, அதுக்கு ஒரு கரண்ட் செலவு, அப்புறம் ஃபேக்டரில அதே தண்ணிய எண்ணெய்ல பொரிச்சு ஆவியாக்க இன்னொரு செலவு. வாழைக்காய் சீவலை ஈரம் போகத் துடைக்காம எண்ணெய்ல போட்டுப் பாத்தவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். விவசாயி மேல தப்பே இல்ல, எடைக்குத்தான் காசுன்னா எடையைத்தான் காப்பாத்துவாரு. விலை போட்ட முறைதான் தப்பு.

வாக்கர்ஸ் பெப்சிகோவோடதுதான். அதே பெப்சிகோ அமெரிக்காவுல டிராபிகானா ஆரஞ்சு ஜூஸுக்கும் கணக்கு பாத்துச்சு, அரை கேலன் (சுமார் 1.9 லிட்டர்) டப்பாவுக்கு 1.7 கிலோ கார்பன். லாரியும் ஃபேக்டரியும்தான் காரணமா இருக்கும்னு நானும் நினைச்சேன், ஆனா ரொம்பப் பெரிய பங்கு தோட்டத்துல போடற நைட்ரஜன் உரம். உரம் தயாரிக்கவே எக்கச்சக்க இயற்கை எரிவாயு வேணும், மண்ணுல போட்டப்புறம் வர்ற நைட்ரஸ் ஆக்சைடு வேற கார்பன் டை ஆக்சைடை விட சுமார் 270 மடங்கு சூடேத்தும்.

இங்கிலாந்து சூப்பர் மார்க்கெட் டெஸ்கோ 70,000 பொருளுக்கு இந்த லேபிள் ஒட்டறேன்னு 2007ல சொல்லி 2012ல கைவிட்டுட்டாங்க, ஒரு பொருளுக்குக் கணக்கு போடவே மாசக்கணக்கா ஆகுதுன்னு. அதை வச்சு அளக்கறதே வீண்னு சிலர் பேசறப்ப எனக்கு கோவம் வருது. கடைல நிக்கற அம்மாவுக்கு 75 அதிகமா கம்மியான்னு எப்படித் தெரியும்? அந்தக் கணக்கு தெரிய வேண்டியது கிழங்கு வாங்கற ஆளுக்கும் விலை பேசற ஆளுக்கும்.

நம்ம விஷயத்துக்கு வர்றேன். உலகத்துலயே அதிகமா பாமாயில் இறக்குமதி பண்றது இந்தியாதான், பிஸ்கட்லேர்ந்து மிக்சர் வரைக்கும் நிறையத்துல அதுதான். காட்டை அழிச்சு நட்ட எண்ணெய்ப்பனையா, பழைய தோட்டமாங்கறதைப் பொறுத்து அதே ஒரு லிட்டருக்கு கணக்கு தலைகீழா மாறும். காட்டை விட்டுட்டுக் கணக்கு போட்டா எந்த பிஸ்கட்டும் சுத்தமாதான் தெரியும். பாக்கெட்ல ஒத்தை நம்பர் போடறதுக்கு முன்னாடி எண்ணெய் எந்தத் தோட்டத்துலேர்ந்து வந்துச்சு, உரம் எவ்ளோ, பொரிக்க எரிச்சது என்னன்னு கம்பெனி தனித்தனியா எழுதி வெளியிடணும், அதைச் சட்டமாவே கொண்டு வரணும்.