லிங்கோட்டோவை இடிக்கவில்லை
இத்தாலியின் துரின் நகரில் இருந்த பியட் கார் ஆலையை இடித்துத் தள்ளிவிட்டு மால் கட்டினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். மால் இருப்பது சரி, இடித்தது தவறு. 1923-இல் திறந்த அந்த லிங்கோட்டோ கட்டடம் இன்றும் அப்படியே நிற்கிறது. ஆலை இயங்கியபோது கீழ்த்தளத்தில் உதிரிபாகங்கள் நுழையும். ஐந்து தளம் ஏறி முழுக் காராகி, மொட்டைமாடியில் உள்ள சோதனைத் தடத்தில் ஓடும். 1982-இல் உற்பத்தி நின்றது. அப்புறம் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைப்பில் இசை அரங்கு, மாநாட்டு மையம், ஹோட்டல், கடைகள் எல்லாம் உள்ளே வந்தன. 2002-இல் ஓவியக்கூடமும் வந்தது. மாடித் தடத்தைக்கூட அகற்றவில்லை; 2021-இல் அங்கே 40,000-க்கும் மேற்பட்ட செடிகளை வைத்துத் தோட்டமாக்கினார்கள். மால் அதில் ஒரு பகுதிதான்.